ஈளை நோயும் உடற்பயிற்சியும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களுள், திருமலைக்கு ஒருமுறையேனும் கால்நடையாக ஏற விரும்பாதார் அரியர். அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. ஆஸ்துமா முதலிய நோயுடையோர் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இது தக்க எச்சரிக்கையே. ஆயினும் இதனைக் கொண்டு, சமதரையில் நடப்பதும் தமக்கு ஆகாதென நோயாளர் முடிவு கட்டிவிடலாகாது.

ஆஸ்துமா என்னும் ஈளை நோயில் மூச்சுக் குழல்களின் உட்புறம் அழற்சியுற்று வீங்குகிறது. அவற்றைச் சூழ்ந்த தசைகள் எளிதில் இறுகுகின்றன. விரைந்து நடக்கையில் மிகுதியான காற்று உட்சென்று குழல்களை உலர்த்துவதால் இரைப்பு உண்டாகலாம். இதற்கு அஞ்சி நடையைக் கைவிட்டால் உடல் வலிமை குன்றும். பின்னர்ச் சிறு வேலைக்கும் மூச்சு வாங்கும். முறையான பயிற்சியே இத்துன்பச் சுழலை அறுக்கும்.

எளிதில் கட்டுப்படாத இரைப்பாயின், நோய் இன்னதென முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மதனபள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பிரிமாட் மோலர், காசத்தைப் போலத் தோன்றும் வேறொரு நுரையீரல் நோயை 1940-இல் விவரித்தார். இரவில் இருமலும் இரைப்பும் தரும் அந்நோய், யானைக்கால் நோய்ப் புழுக்களால் வருவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குரிய சிகிச்சையே வேறு.

அடுத்தது மருந்து. உறிஞ்சு மருந்துகளுள் அழற்சியைத் தணிப்பது ஒன்று. இறுகிய குழலை உடனே விரிப்பது மற்றொன்று. உடனடி நிவாரணம் தருவதை மட்டுமே நம்பியிருத்தல் ஆபத்தானது. 2019 முதல் சர்வதேச வல்லுநர்களும் அதனைப் பரிந்துரைப்பதில்லை. இரைப்பு இல்லாத நாளிலும் அழற்சி மருந்தை மருத்துவர் சொன்னபடி எடுத்தல் வேண்டும். உறிஞ்சும் முறை பிழையானால் நல்ல மருந்தும் பயன் தராது. எனவே அதனை மருத்துவரிடம் செய்து காட்டித் திருத்திக்கொள்வோமாக.

இனிப் பயிற்சி. மருத்துவரின் இசைவு பெற்றுச் சமதரையில் பத்து நிமிட நடையுடன் தொடங்கலாம். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக நடத்தல் நலம். நடக்கும்போது பேச இயலவேண்டும். பேச்சு தடைப்படின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டலாம். புகையும் புழுதியும் மிகுந்த வேளையிலும், இருமலும் சளியும் மிகுந்த நாளிலும் ஓய்வே தக்கது.

நோயின் போக்கை அளவிட, மூச்சின் வேகத்தைக் காட்டும் சிறு ஊதுகருவி உண்டு. ஒருவர் நலமாயிருக்கும்போது ஊதும் மிகச் சிறந்த அளவு 400 என்க. 320-க்கு மேல் நிற்பது நல்ல நிலை. அதற்குக் கீழே இறங்கின் மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி மருந்தை மாற்ற வேண்டும். 200-க்குக் கீழே வீழினும், ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாது மூச்சுத் திணறினும், நிவாரண மருந்தை எடுத்துக்கொண்டு 108-ஐ உடனே அழைக்க வேண்டும்.

இத்திட்டம் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ மட்டும் இருப்பின், மருத்துவரிடம் ஐயமறக் கேட்டுத் தமிழில் எழுதி வைப்பது நன்று. நள்ளிரவில் மூச்சு முட்டும்போது அதைப் படிக்க வேண்டியவர் வீட்டிலுள்ள முதிய தாயாராகவோ பள்ளிப் பிள்ளையாகவோ இருக்கலாம்.

மலையேறுவது பற்றி மருத்துவர் பின்னர் முடிவு கூறட்டும். இரவில் தடையின்றி உறங்குவதும், கடைத்தெருவுக்கு இளைப்பின்றிச் சென்று வருவதும் நமது முதற் குறிக்கோளாகட்டும்.