ரிஃப்கின் எதிர்ச்சொல்

கனிவுக்கு எதிர்ச்சொல் யாது? 'கொடுமை' என்று உடனே விடையளித்து விடுகிறோம். யாரையும் அடித்ததில்லை, ஏசியதில்லை. ஆகவே நாம் கனிவற்றவர் அல்லோம் என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிக் கொள்கிறோம். அரபு மொழி அவ்வளவு எளிதில் நம்மை விட்டுவிடுவதில்லை.

கனிவை அரபியில் 'ரிஃப்கு' என்பர். தோழனைக் குறிக்கும் 'ரஃபீக்', முழங்கையைக் குறிக்கும் 'மிர்ஃபக்' ஆகியனவும் இவ்வேரில் பிறந்தவையே. இதன் எதிர்ச்சொல் 'உன்ஃப்'. இன்றைய அரபியில் அது வன்முறையைக் குறிக்கிறது. ஆனால் இப்னு மன்ழூர் (மறைவு ஹி. 711) தமது 'லிஸானுல் அரப்' அகராதியில், ஒரு காரியத்தைப் பக்குவமின்றிக் கையாள்வதும் அதில் ரிஃப்கு குறைவதுமே உன்ஃப் எனப் பொருள் தருகிறார். கை ஓங்க வேண்டியதில்லை. பக்குவம் தவறினாலே போதும். முரண்டு பிடித்த ஒட்டகத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முன்னும் பின்னும் இழுத்தபோது, ரிஃப்கைக் கைக்கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

உஹதுப் போரை (ஹி. 3) ஒட்டி அருளப்பட்ட ஆலு இம்ரான் 159ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. நபியவர்கள் கடுகடுப்பானவராகவும் கடின உள்ளத்தவராகவும் இருந்திருப்பின் மக்கள் அவர்களை விட்டுச் சிதறியிருப்பர் என்பது அதன் கருத்து. 'ஃபழ்ழு', 'கலீழுல் கல்பு' என இரு சொற்கள் ஏன்? முன்னது தீய சுபாவம், பின்னது எதற்கும் அசையாத உள்ளம் என்று இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (மறைவு ஹி. 606) பிரித்துக் காட்டுகிறார். ஒருவர் எவருக்கும் தீங்கிழைக்காதவராக இருக்கலாம். ஆயினும் பிறர்பால் இளகாதவராக, இரங்காதவராக இருக்கக்கூடும் என்பது அவர்தம் விளக்கம்.

இவ்வசனத்தைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர் நாம். ஒருமுறை ஸர்ஃபு வகுப்பில், வினைத்திரிபைத் திரும்பத் திரும்பத் தவறாக ஓதிய மாணவர் ஒருவரை நாம் கண்டிக்கவில்லை. அடுத்தவரைப் பார்த்து, "நீர் ஓதும்" என்றோம். பல நாட்கள் அவ்வாறே கழிந்தன. ரமளான் விடுமுறைக்குப் பின் அம்மாணவர் திரும்பவில்லை. அவரை ஒரு சொல்லாலும் நாம் சுடவில்லை என்பதே நமக்கு ஆறுதலாயிருந்தது. மறு ஆண்டு இவ்வசனத்தை நடத்துகையில் அதன் இரண்டாம் சொல் அந்த ஆறுதலைப் பறித்துக் கொண்டது.

கண்டிப்பே கூடாது என்பதன்று இதன் பொருள். கண்டிக்கும் ஆசிரியரும் மாணவரின் முகத்தைப் பார்த்தே கண்டிக்கிறார். நாமோ பார்க்கவே இல்லை.