ஐந்து நிமிடத்தில் ஓர் ஆயுள்

சினிமா விமர்சனத்துக்காக முதன்முதலில் புலிட்சர் பரிசு வாங்கியவர் அமெரிக்காவின் ரோஜர் ஈபர்ட். 2010 ஏப்ரலில் அவர் அடித்துச் சொன்னார்: வீடியோ கேம் ஒருநாளும் கலையாகாது. கேம் என்றால் விதிகள் உண்டு, பாயின்ட் உண்டு, அதில் ஜெயிக்கலாம். நாவலையோ நாடகத்தையோ யாராலும் ஜெயிக்க முடியாது, அனுபவிக்கத்தான் முடியும். இதுதான் அவர் வாதம்.

கேம் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஜூலையில் ஈபர்ட் கொஞ்சம் இறங்கிவந்தார். விளையாடிப் பார்க்காமல் அந்தப் பேச்சையே எடுத்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். கொள்கையை மட்டும் விடவில்லை.

அவர் வாதத்தை லேசில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அதற்கான பதில் 2007 டிசம்பரிலேயே வந்துவிட்டது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஜேசன் ரோரர் தனியாளாக உருவாக்கிய 'பாஸேஜ்' என்ற கேம்தான் அது.

படம் 100 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம். திரையில் ஒரு ரிப்பன் அளவுதான். ஆட்டம் ஐந்தே நிமிடம். இளைஞன் ஒருவன் இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம் போகப் போகப் பாயின்ட் ஏறும். கீழ்ப்பக்கம் புதிர்ப்பாதைகள், அவற்றுக்குள் புதையல் பெட்டிகள். தொடக்கத்திலேயே ஒரு பெண் எதிர்ப்படுகிறாள். அவளைத் தொட்டால் ஓர் இதயம் மின்னும்; அதன்பின் இருவரும் சேர்ந்தே நடப்பார்கள். சந்து குறுகலாக இருந்தால் இருவராக நுழைய முடியாது. சில பெட்டிகள் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது.

நேரம் ஓட ஓட அவனுக்கு நரை விழுகிறது. முதலில் வலப்பக்கம் மங்கலாக நெருக்கியடித்துத் தெரிந்த எதிர்காலம் குறுகிக்கொண்டே வர, கடந்துவந்த வழி இடப்பக்கம் அதேபோல் மங்குகிறது. ஒரு கட்டத்தில் அவள் நின்ற இடத்தில் கல்லறை. அவன் நடை தளர்கிறது. சற்று நேரத்தில் அவனுக்கும் ஒரு கல்லறை. எவ்வளவு திறமையாக ஆடினாலும் இதே முடிவுதான். சேர்த்த பாயின்ட்டால் எந்தப் பயனும் இல்லை.

ஈபர்ட் எதைக் குறையாகச் சொன்னாரோ, அதையே ரோரர் தன் கருவியாக்கிக்கொண்டார். துணை வேண்டுமென்றால் சில புதையல்களை விட்டுவிட வேண்டும் என்று திரையில் எங்கும் எழுதிவைக்கவில்லை. சந்தில் முட்டி நிற்கும்போது ஆடுபவருக்கே அது புரிகிறது. ஒரு விதியை மட்டும் வைத்து இப்படி உணரவைப்பது சினிமாவுக்கோ நாவலுக்கோ வாய்க்காத வழி. கலை என்ற பெயரை இதற்கு மறுக்க நியாயமே இல்லை.

2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகம், நாடகம், சினிமா போல வீடியோ கேமுக்கும் கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. ஆனால், அவற்றைச் சேர்த்தது வடிவமைப்புப் பிரிவில்தான். 'டெட்ரிஸ்', 'பேக்-மேன்' போன்ற பிரபலங்களோடு 'பாஸேஜ்' கேமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் இலவசமாகவே ஆடலாம். ஒருமுறை அந்தப் பெண்ணோடும் ஒருமுறை தனியாகவும் ஆடிப் பாருங்கள். மொத்தம் பத்து நிமிடம்தான்.