ஜப்தியும் குடியானவரின் காப்பும்

அமீனா வாசலில் நின்றபின் வருந்துவதில் பயனில்லை. இன்று அணுபுரம் அமைந்துள்ள செங்கற்பட்டுச் சீமை, முன்னர்ச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாகாணத்து 1938-ஆம் வருஷ விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முந்திய கடனுக்கு அசலைப்போல் இருமடங்கு செலுத்திய குடியானவரின் கடன் முழுதும் தீர்ந்ததென விதித்தது. மனுச் செய்தால் டிக்ரி நிறைவேற்றமும் நின்றது. ஆயின் 60 தினங்களுக்குள் டிக்ரியைத் திருத்தக் கோரும் மனு இடாவிடில் அத்தடை நீங்கிற்று. ரசீது இல்லாதவர் செலுத்தியதை நாட்டுவது அரிது.

இப்பாடம் பழையதன்று. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், உழவுக் கருவிகளையும், பிழைப்புக்கு அவசியமெனக் கோர்ட்டார் கருதும் மாடுகளையும் விதைத் தானியத்தையும் ஜப்தியினின்று இன்றும் விலக்குகிறது. ஆகவே குடியானவர்கள் ரசீதுகளைப் பத்திரப்படுத்துக. நோட்டீஸ் கண்டவுடன் கோர்ட்டை நாடுக.