செத்த டிஸ்க்கில் இருந்த படம் திரும்பி வருமா?



கம்ப்யூட்டரில் நாம் சேர்த்து வைக்கும் படம், பாட்டு எல்லாம் எங்கே போய் உட்காருது தெரியுமா? நிறைய கம்ப்யூட்டர்களில் அது ஹார்டு டிஸ்க் என்ற உலோகப் பெட்டிக்குள்தான். அதன் உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். அவை நிமிஷத்துக்கு 5400 தடவையோ 7200 தடவையோ சுற்றும். படிக்கும் முனை தட்டைத் தொடாமலே அதன் மேல் மிதந்து போகும். நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். எவ்வளவு நெருக்கம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க! இப்படி ராப்பகலா ஓடுகிற பொருள் என்றைக்காவது ஒருநாள் நிற்கத்தானே செய்யும்?

நின்றுவிட்டால் உள்ளே இருந்தது போச்சா? ஒரே ஒரு டிஸ்க் வைத்திருந்தால் அநேகமாகப் போச்சுதான். ஆனால் நாலு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டு சர்வர் என்று சொல்வார்கள். அதில் ஒரு டிஸ்க் செத்தாலும் மீதி மூணும் சேர்ந்து, செத்ததில் என்ன இருந்தது என்பதை அப்படியே சொல்லிவிடும். முதலில் கேட்டப்போ நான் நம்பவே இல்லை. இதில் மந்திரம் ஒண்ணும் இல்லை, நாம் சின்ன வகுப்பில் படித்த கழித்தல்தான்.

தமிழ் 72, கணக்கு 65, அறிவியல் 80 என்று மூணு பேப்பர் இருக்குன்னு வையுங்க. நாலாவதாக ஒரு சீட்டில் மொத்தம் 217 என்று எழுதி வைக்கிறோம். அறிவியல் பேப்பரை எலி தின்னுடுச்சு. பரவாயில்லை. 217-ல் 72-ஐயும் 65-ஐயும் கழித்தால் 80. தின்ற மார்க் வந்துடுச்சு! எந்தப் பேப்பரைத் தின்றாலும் இப்படிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எலி ரெண்டு பேப்பரைத் தின்றுவிட்டால்? எந்தக் கணக்கு சாராலும் முடியாது.

கம்ப்யூட்டருக்கு 0, 1 இரண்டே எழுத்துதான். அதனால் கூட்டுத்தொகை எழுதாமல் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கிறது. மூணு டிஸ்க்கில் 1, 0, 1 என்று இருந்தால் ஒன்றுகள் இரண்டு, அது இரட்டை. எனவே நாலாவது டிஸ்க்கில் 0 எழுதும். 1, 1, 1 என்று இருந்தால் ஒன்றுகள் மூன்று, அது ஒற்றை. அதை இரட்டை ஆக்க நாலாவதில் 1 எழுதும். இப்போ இரண்டாவது டிஸ்க்கை மறைச்சுக்குங்க. முதல் வரியில் மிச்சம் இருப்பது 1, 1, 0. ஏற்கனவே இரட்டை, அப்போ மறைந்தது 0. அடுத்த வரியில் மிச்சம் 1, 1, 1. ஒற்றையாக நிற்குது, அப்போ மறைந்தது 1. சரியா வருதா? இந்த ஒற்றை இரட்டைக் கணக்குக்குப் பெயர் பாரிட்டி. (நிஜத்தில் விடையை எப்பவும் நாலாவது டிஸ்க்கிலேயே எழுதாது, வரிக்கு வரி டிஸ்க்கை மாற்றி எழுதும். கணக்கு ஒண்ணுதான்.)

இப்படி டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்ப்பதற்கு ரெய்டு என்று பெயர். வருமான வரி ரெய்டு இல்லீங்க! அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-ல் எழுதிய ஒரு கட்டுரையில் வைத்த பெயர் அது. ஒரு பெரிய விலை உயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்தால் என்ன என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் மேலே சொன்ன முறை ரெய்டு 5. நாலு டிஸ்க்கும் 4 டெராபைட் என்றால் மொத்தம் 16. ஆனால் நமக்குக் கிடைக்கும் இடம் 12 தான். மீதி 4 பாரிட்டிக்குப் போய்விடும். இன்ஷூரன்ஸ் கட்டுற மாதிரி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? எங்க மாமா போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கார். அவர் எடுத்த கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் வீட்டில் ஒரு நாலு டிஸ்க் பெட்டியில் இருக்கு. அது வெறும் படம்னு நினைக்காதீங்க. யாராவது இறந்துட்டா மாட்டுறதுக்குப் படம் கேட்டு முதலில் மாமாகிட்டதான் வருவாங்க. எங்க தெருவில் ஒரு பாட்டி, ஆதார் கார்டைத் தவிர வேற எதிலும் அவங்க முகம் கிடையாது. பேத்தி காதுகுத்துப் படத்தில் ஓரமா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவ்வளவுதான் இருக்கு.

அந்தப் பெட்டி ஒருநாள் கீச் கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு டிஸ்க் போச்சு. "உடனே புதுசு மாட்டிடலாம் மாமா"ன்னு நான் சொன்னேன். மாமா, "இரு பாப்பா, இப்பதான் நிதானமா இருக்கணும்"னார். ஏன் என்று பிறகு புரிந்தது.

புது டிஸ்க்கை மாட்டியதும் பெட்டி தானாகவே மேலே சொன்ன கணக்கைப் போட்டு, செத்த டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புதுசில் எழுதும். ஒரு நொடிக்கு 150 எம்பி எழுதுது என்று வைத்தால், 4 டெராபைட் என்பது 40 லட்சம் எம்பி. வகுத்தால் சுமார் 26,700 நொடி, அதாவது ஏழரை மணி நேரம். இது சிறந்த வேகம். நடுவில் யாராவது படம் பார்த்தால் இன்னும் இழுக்கும். அத்தனை நேரமும் மீதி மூணு டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். அந்த மூணும் செத்ததோடு ஒரே நாளில் வாங்கியவை, அதே வயசு! அந்த வேளையில் இன்னொன்று படுத்தால் எலி ரெண்டாவது பேப்பரையும் தின்ற கதைதான். அதனால்தான் மாமா, புதுசை மாட்டுறதுக்கு முன்னாடியே திரும்ப எடுக்கவே முடியாத படங்களைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்தார். ஒரு டிஸ்க் இல்லாமலும் பெட்டி வேலை செய்யும், கொஞ்சம் மெதுவா. பாட்டி படம் முதல் பத்து நிமிஷத்திலேயே வந்துடுச்சு. சினிமாப் படங்களை எல்லாம் கடைசிக்குத் தள்ளிட்டார். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்து எந்த டிஸ்க் செத்தது என்று பார்க்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். நல்ல டிஸ்க்கைத் தவறி உருவிவிட்டால் ரெண்டு டிஸ்க் இல்லாமல் பெட்டியே நின்றுவிடும். ஒவ்வொரு டிஸ்க் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு வரிசை எண் உண்டு. கெட்டுப்போனதன் எண்ணைப் பெட்டியே திரையில் காட்டும். மாமா அதைத் தாளில் எழுதிக்கொண்டு, என்னை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் உருவினார். சில சமயம் டிஸ்க் நன்றாகவே இருக்கும், ஒயர்தான் தளர்ந்திருக்கும். அதையும் பார்க்கணும்.

புது டிஸ்க் பழசின் அளவோ, அதைவிடப் பெரிசோ இருக்கலாம், சின்னதாக இருக்கக் கூடாது. இன்னொரு விஷயம். சில டிஸ்க்குகள் கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி ஒரு வரியின் மேல் அடுத்த வரியைக் கொஞ்சம் ஏற்றி எழுதும். நடுவில் ஒரு ஓட்டை மாற்றணும்னா பக்கத்து ஓட்டையும் தூக்கணும் இல்லையா? அதே மாதிரி அதில் எழுத நேரம் பிடிக்கும். இந்த வேலைக்கு அது ஆகாது. கடையில் கேட்டு வாங்கணும்.

மாமா டிஸ்க் திரும்ப எழுதி முடிய ஒரு ராத்திரியும் மறுநாள் காலையும் ஆச்சு. அத்தை அந்தப் பெட்டிக்கு விளக்கேற்றாத குறைதான். முடிந்ததும் பச்சை விளக்கு வந்தது. மாமா நம்பாமல் அங்கங்கே நாற்பது, ஐம்பது படத்தைத் திறந்து பார்த்தார். இப்போ மாசம் ஒருமுறை பெட்டியே எல்லா வரியையும் படித்து, ஒற்றை இரட்டை சரியா இருக்கா என்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்.

சரி, ரெய்டு இருந்தால் போதுமா? போதாது! படத்தை நாமே தெரியாமல் அழித்துவிட்டால், நாலு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருக்கும், படம் இருக்காது. 1998-ல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. நகல் எடுத்து வைத்திருந்த இடத்தில் போய்ப் பார்த்தால் அது பல நாளாகச் சரியாகவே வேலை செய்யவில்லை. காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற பெண் அதிகாரி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக ஆபீசுக்குக் கொண்டுபோனார்களாம். கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி! மாமாவும் இப்போ ஒரு நகலை ஸ்டூடியோவில் தனியாக வைத்திருக்கிறார். வீட்டில் இடி விழுந்தாலும் அது அங்கே இருக்கும்.

செத்த டிஸ்க்கை மாமா எனக்குக் கொடுத்துட்டார். மூடியைக் கழற்றி அறிவியல் அறை மேஜையில் வைத்திருக்கிறோம். வேலை செய்கிற டிஸ்க்கை இப்படித் திறக்கவே கூடாது, ஒரு தூசி போதும் கெடுக்க. இதைத் தாராளமாகத் தொடலாம். தட்டில் உங்கள் முகம் தெரியும், வந்து பாருங்க.