பத்துப் புடவைக்கு எத்தனை ரவிக்கை?

புடவை ஒன்று வாங்கினால் செலவு அதோடு நின்றுவிடுகிறதா? ஃபால்ஸ் தைக்க வேண்டும், முந்தானைக்குக் குஞ்சம் கட்ட வேண்டும், ரவிக்கைத் துணி, லைனிங், தையல்கூலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சாதாரண நூல் புடவை என்றால், புடவை விலையை மேல்செலவு எட்டிப் பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு புடவைக்கும் அதே நிறத்தில் தனியாக ஒரு ரவிக்கை வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதுதான் இதற்குக் காரணம். அதைக் கொஞ்சம் தளர்த்தினால், பத்துப் புடவைக்கு ஐந்து ரவிக்கை தாராளமாகப் போதும்.

அச்சு அசலாக அதே நிறம் கிடைப்பதும் அபூர்வம். கடைக்காரர் பத்துப் பச்சைகளை எடுத்துப் போடுவார். பத்தும் நம் பச்சையாக இருக்காது. "கிட்டத்தட்ட வந்துடுத்து, இதுவே போதும்" என்று வாங்கி வந்தால், கட்டும்போது அந்தக் கிட்டத்தட்டதான் கண்ணை உறுத்தும். முழுக்க வேறு நிறமாக இருந்தால் வேண்டுமென்றே போட்டதாகத் தெரியும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

புடவையையே கேளுங்கள்

சரி, எந்த வேறு நிறம்? அதை நெசவாளி நமக்காக ஏற்கெனவே பொருத்தி வைத்திருக்கிறார். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் மூன்று நாடா ஓடவிட்டு, உடலையும் கரையையும் ஒவ்வொரு இழையாகக் கோர்த்து நெய்கிறார்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, கிளிப்பச்சைக்கு மிளகாய்ச் சிவப்பு, கருநீலத்துக்கு ரோஸ் என்று அவர்கள் சேர்த்த ஜோடிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்குப் பழகியவை. கரையின் நிறத்தில் ரவிக்கை போட்டால் தவறவே தவறாது.

கரையில்லாத புடவைக்கும் இந்த ஜோடிகளே வழிகாட்டி. வெறும் மஞ்சள் புடவையா? அரக்கு ரவிக்கை. வெறும் பச்சையா? சிவப்புக் குடும்பத்தில் ஒன்று.

சில பட்டுகள் அசையும்போது நிறம் மாறி மாறித் தெரியும். மயில்கழுத்து நிறம் அப்படித்தான். பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறு நிறம். ஒன்று நீலமென்றால் மற்றது பச்சை. புடவையின் உள்பக்க ஓரத்தில் பிரிந்து நிற்கும் இழைகளைப் பார்த்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். இரண்டில் எந்த நிறத்தில் ரவிக்கை போட்டாலும் பொருந்தும்.

பூப்போட்ட புடவை என்றால், அதில் அதிகமாக இருக்கும் நிறத்தை விட்டுவிடுங்கள். இலையிலோ பூவின் நடுவிலோ கொஞ்சமாக ஒளிந்திருக்கும் நிறத்தில் ரவிக்கை போட்டால் புடவையே புதிதாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. புடவை நிறைய வேலைப்பாடு உள்ளதென்றால் ரவிக்கை சாதாவாக இருக்கட்டும். ரவிக்கை பூவும் கட்டமுமாக இருந்தால் புடவை சாதாவாக இருக்கட்டும்.

அந்த ஐந்து எவை?

அரக்கு, கடுகு மஞ்சள், அடர் பச்சை, கருநீலம், சந்தன நிறம். ஐந்தும் சாதாத் துணியாக இருக்கட்டும். கறுப்பும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்தான். ஆனால் விசேஷ நாட்களில் கறுப்பு வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லும் வீடுகளில் கருநீலம் அந்த இடத்தை நிரப்பிவிடும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம் போட்டதென்றால், இந்த ஐந்தில் அரக்கும் போடலாம், அடர் பச்சையும் போடலாம். ஒரே புடவை இரண்டு புடவையாகிவிடும்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு இன்னொரு சௌகரியம். பிள்ளை பெற்ற முதல் வருடம் உடம்பு ஏறும், இறங்கும். அப்போது பத்து ரவிக்கை தைத்து வைத்தால் பத்தும் பீரோவில் தூங்கும். இரண்டு மூன்று போதும். முன்பக்கம் கொக்கி வைத்து, உள்ளே தையலில் ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

துணி எடுக்கப் போகும்போது புடவையைக் கையோடு கொண்டு போங்கள், பகலில் போங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வாசலில் வெயிலில் வேறு வேறாகிவிடும். சாயத்துக்குச் சாயம் வெளிச்சத்தை வாங்கித் திருப்பும் விதம் வேறு. விளக்குக்கு விளக்கு வெளிச்சமும் வேறு. அடர் நிறத் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன், ஒரு ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக நாலைந்து முறை அலசுங்கள். வெளிர் புடவையோடு அதைப் போடுவது பிறகுதான். வியர்வையில் இறங்கிய சாயம் புடவையை விட்டுப் போகாது.

"உன் நிறத்துக்கு இது எடுக்காது"

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. என் பெண்ணுக்குப் பதினைந்து வயதில், ஒரு கல்யாணத்துக்குக் கருநீலப் பாவாடை தாவணி எடுத்திருந்தோம். உறவுக்கார அம்மாள் ஒருவர், "இவ நிறத்துக்கு இளசா எடுத்திருக்கலாமே" என்றார். அதற்கப்புறம் ஆறு மாதம் வெளிர் ரோஸைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்றாள் பெண். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார வைத்து, வீட்டில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக அவள் தோளில் போட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெளிர் ரோஸில் முகம் களைத்துத் தெரிந்தது. கடுகு மஞ்சளிலும் அரக்கிலும் கருநீலத்திலும் பளிச்சென்று இருந்தது. "அம்மா, அவங்க சொன்னது பொய்!" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் அடர்ந்த நிறங்கள் பிரமாதமாக எடுக்கும். ஒரு புடவை முகத்தை மங்கச் செய்தாலும் அதை ஒதுக்க வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரவிக்கைதானே? அதை மாற்றினால் போதும். பிடித்த நிறத்தைத் தயங்காமல் கட்டினால் அது நமக்கே உரியதாகிவிடும். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்து செட்டியார் நெய்த நீலம், அவர் பெயராலேயே 'எம்.எஸ். ப்ளூ' ஆனது.

அடுத்த முறை ரவிக்கைத் துணி வாங்கக் கிளம்பும் முன், இருக்கிற ரவிக்கைகளைக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு மூன்று புடவைகளை வைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கே போக வேண்டியிராது. மிச்சமாகும் காசு உங்கள் கையில்!