பருவம் மாறினால் இதயம் என்ன செய்யும்?

மார்கழி மாத விடியற்காலை. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறீர்கள். உடல் சிலிர்க்கிறது, மூச்சு ஒரு கணம் நின்று வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. இரண்டே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

அதே வாளித் தண்ணீரை இதய நோயுள்ள உங்கள் தாத்தா ஊற்றிக்கொள்ளலாமா? கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். தண்ணீர் ஒன்றுதான், அதைத் தாங்க வேண்டிய இதயம்தான் வேறு. காரணத்தைப் பார்ப்போமா?

இரட்டை வேலை

உங்கள் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. இந்த இரத்தம் உணவையும் ஆக்சிஜனையும் மட்டும் சுமப்பதில்லை, வெப்பத்தையும் சுமக்கிறது. மோட்டார் காரின் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதன் சூட்டை வெளியே கொண்டு செல்கிறதல்லவா? அதைப்போல உடலின் உட்பகுதியை 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க இரத்தம் உதவுகிறது. ஆகவே, வெளியே பருவம் மாறினால் உள்ளே இதயத்தின் வேலையும் மாறும்.

இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைத் தருபவை கரோனரித் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகிப்போனால், ஓய்வாக இருக்கும்போது கிடைக்கும் இரத்தம் போதும். வேலை கூடினால் போதாது. அப்போது நெஞ்சு வலிக்கிறது. குறுகிய இடத்தில் இரத்தம் உறைந்து பாதை அடைபட்டால், அதுவே மாரடைப்பு.

குளிரில் நடப்பது

குளிரில் விரல் நுனிகள் சில்லிட்டு வெளுத்துப் போவதைக் கவனித்திருப்பீர்கள். வெப்பம் வீணாகாமல் இருக்க, தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை உடல் சுருக்கிக்கொள்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயைப் பாதி விரலால் அடைத்துப் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறுவது தெரியும். அவ்வாறே குளிரில் இரத்த அழுத்தம் உயர்கிறது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து இறைக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு உறைபனி வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் வில்லியம் கீட்டிங்கும் அவருடைய குழுவினரும் 1984ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதில் சிலரை 24 டிகிரி காற்று வீசும் இடத்தில் ஆறு மணி நேரம் இருக்கச் செய்தார்கள். 24 டிகிரி! நமக்கு அது ஒரு சாதாரண மார்கழிக் காலைதான். ஆனால் சராசரி இரத்த அழுத்தம் 126/69 என்ற அளவிலிருந்து 138/87 ஆக உயர்ந்தது. இரத்தத்தின் பாகுநிலை 21 சதவீதம் கூடியது. அதாவது, இரத்தம் கெட்டியானது.

ஏன் கெட்டியாக வேண்டும்? தோலிலிருந்து விலகிய இரத்தம் உடலின் நடுப்பகுதியில் சேருகிறது. நீர் அதிகமாகிவிட்டது போலச் சிறுநீரகங்கள் அதை வெளியேற்றுகின்றன. குளிர் காலத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வது இதனால்தான். நீர் குறைய, எஞ்சிய இரத்தத்தில் சிவப்பணுக்களும் இரத்தத் தட்டுகளும் நெருங்குகின்றன. கெட்டியான இரத்தம் எளிதில் உறையும்.

தந்தையும் மகனும்

குளிர் உயிரைப் பறிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் லண்டன் மருத்துவரான இளைய வில்லியம் ஹெபர்டன். 1795 ஜனவரி இங்கிலாந்தில் கடுங்குளிர். 1796 ஜனவரியோ மிதமானது. இந்த இரண்டு மாதங்களின் இறப்புப் பட்டியல்களை ஒப்பிட்டு, குளிர்ந்த மாதத்தில் இறப்புகள் மிகுதி என்று 1796இல் எழுதினார். உழைக்கும்போது வந்து, நின்றால் தணியும் நெஞ்சுவலியை 1768இல் தெளிவாக விவரித்தவர் இவருடைய தந்தை! அவர் பெயரும் வில்லியம் ஹெபர்டன்தான்.

இன்னொரு வியப்பு. 1997இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இறப்பு மிகுதியாகக் கூடியது உறைபனி நாடான பின்லாந்தில் அல்ல. மிதமான குளிருள்ள ஏதென்ஸ் போன்ற இடங்களில்தான். பின்லாந்து மக்கள் வீட்டைச் சூடாக வைத்துக்கொண்டு, தொப்பியும் கையுறையும் அணிந்து வெளியே வந்தார்கள். மற்றவர்கள் குளிரைப் பொருட்படுத்தவில்லை.

வெயிலில் நடப்பது

கோடையில் கதை தலைகீழ். வெப்பத்தை வெளியேற்ற, தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே நிமிடத்திற்கு 7 லிட்டர் வரை இரத்தம் பாயக்கூடும். இவ்வளவையும் இறைக்க இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுவதால், இப்போதும் இரத்தம் கெட்டியாகிறது! நீரை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம்.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. பாடம் கற்ற நகரம், 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் வகுத்தது. வெப்ப அலை வருமுன் மக்களை எச்சரிப்பது அதன் முக்கியமான பகுதி.

மழையும் குளிரும் கொண்டுவரும் இன்புளுயன்சா காய்ச்சலையும் மறக்க வேண்டாம். இந்தக் காய்ச்சல் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு என்று 2018இல் ஒரு கனடா ஆய்வு கண்டது.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில் இதய நோயாளி இருக்கிறாரா? குளிர் காலத்தில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். காதையும் தலையையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். விடியற்காலை நடையை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளட்டும். கோடையில் நண்பகல் நேரத்தில் கடைக்கும் ரேஷனுக்கும் அவருக்குப் பதிலாக நீங்கள் போய்வாருங்கள். நீர் எவ்வளவு குடிப்பது, மாத்திரையை மாற்றலாமா என்பவற்றை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சில நோயாளிகளுக்கு அதிக நீரும் ஆகாது. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால், "வாயுப் பிடிப்பு" என்று காத்திராமல் உடனே 108க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

கடைசியாக ஒரு சிறு ஆய்வு. தாத்தா பாட்டி படுக்கும் அறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். விடியற்காலையிலும் பிற்பகலிலும் வெப்பநிலையை ஒரு மாதம் குறித்து வாருங்கள். அவர்களுடைய இதயம் அன்றாடம் எத்தனை டிகிரி ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.