எழுத்து அரபி, மொழி தமிழ்: கணினிக்கு யார் சொல்வது?



சித்தையன்கோட்டையில் ஒரு வீட்டுப் பரணில் பழைய கிதாபு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டை கிழிந்திருக்கிறது. உள்ளே முழுவதும் அரபி எழுத்து. ஆனால் வாய்விட்டு ஓதினால் செவியில் விழுவதோ தமிழ்! நம் முன்னோர் மார்க்கச் சட்டங்களைக் கற்றுக்கொண்ட அரபுத்தமிழ் நூல்களுள் ஒன்று அது. அதனை ஒரு நூலகத்திற்கு அளித்தால் எந்த அடுக்கில் வைப்பார்கள்?

எழுத்தை மட்டும் பார்ப்பவர் அரபி அடுக்கில் வைத்துவிடுவார். அதன்பின் தமிழ் நூல்களைத் தேடி வரும் ஆய்வாளர் எவர் கண்ணிலும் அது படாது. நூல் அழியவில்லை, ஆயினும், இல்லாததற்கு ஒப்பாகிவிட்டது. வகைப்படுத்துதல் என்பது எத்துணைப் பொறுப்பான பணி என்பதை இதிலிருந்தே உணரலாம். அப்பணி இன்று மெல்ல மெல்லக் கணினியின் கைக்கு மாறி வருகிறது.

பட்டியலில் வாழும் நூல்கள்

நூல்களை வகைப்படுத்தும் கலை முஸ்லிம்களுக்குப் புதியதன்று. பக்தாத் நகரில் நூல் வணிகம் செய்த இப்னுந் நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலைத் தொகுத்தார். தம் காலத்து அரபி நூல்களைப் பத்துப் பெரும் பகுதிகளாகப் பிரித்து அதில் எழுதி வைத்தார். அவற்றுள் பல நூல்கள் இன்று உலகில் இல்லை. அவை இருந்தன என்பதற்கு அப்பட்டியலே சான்றாக நிற்கிறது.

1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். உலகின் பல நூலகங்கள் இன்றும் அதனையே பின்பற்றுகின்றன. அதில் 200 முதல் 299 வரை சமயங்களுக்கு உரியவை. அவற்றுள் பெரும்பகுதி கிறிஸ்தவத்திற்கே சென்றுவிட, இஸ்லாத்திற்குக் கிடைத்ததோ 297 என்னும் ஒற்றை எண்! அறைகளைக் கட்டியவர் எந்த இடத்தில் நின்று உலகைப் பார்த்தாரோ, அந்தப் பார்வையே அறைகளின் அளவையும் தீர்மானித்துவிட்டது.

இக்குறையை நம் தமிழகத்துப் பேரறிஞர் ஒருவர் வேறு வழியில் அணுகினார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் 'கோலன் பகுப்பு முறை'யை வெளியிட்டார். ஒரு நூலை ஆயத்தமாக உள்ள ஓர் அறைக்குள் திணிக்காமல், அதன் பல முகங்களையும் தனித்தனியே கண்டு, பிறகு அவற்றை இணைத்து எண் அமைப்பதே அவருடைய வழி. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என அடிப்படை முகங்கள் ஐந்து என்றார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எண்ணிப் பாருங்கள். அது தமிழ்க் காப்பியமா, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறா? இரண்டும்தான்! ஒரு முகத்தை மறைத்து மறுமுகத்தை மட்டும் காட்டுவது நீதியாகுமா?

கணினியின் பாகப் பிரிவினை

இந்தச் சிந்தனையின் அடுத்த படியே கணினி உலகில் 'ஆன்டாலஜி' எனப்படுவது. இன்னின்ன பொருள்கள் உண்டு, அவற்றிடையே இன்னின்ன உறவுகள் உண்டு, அவ்வுறவுகளுக்கு இன்னின்ன விதிகள் உண்டு என்று கணினிக்குப் புரியும் வகையில் எழுதி வைக்கும் உறவுத் தொகுப்பு அது. அதனை எழுதுவதற்கென்றே ஒரு பொது மொழி 2004இல் உலக அளவில் ஏற்கப்பட்டது.

இதன் இயக்கம் நமக்கு அந்நியமானதன்று. ஃபராயிள் என்னும் பாகப் பிரிவினைக் கல்வியை நினைவுகூருங்கள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் உண்டு எனில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லை எனில் நான்கில் ஒரு பங்கு. உறவுகளைச் சொன்னால், விதியைக் கொண்டு ஆலிம் பங்கை வருவித்துவிடுவார். பிள்ளை உண்டா என்பது தெரியாதவரை பங்கு சொல்லமாட்டார். ஆன்டாலஜி வழியே சிந்திக்கும் கணினியும் அப்படியே. சொல்லப்பட்ட உண்மைகளிலிருந்து சொல்லப்படாத உண்மையை வருவிக்கும். ஒரு செய்தி தரப்படவில்லை என்பதாலேயே அதனை 'இல்லை' என்று முடிவு கட்டிவிடாது.

2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பி.பி.சி. நிறுவனம் இம்முறையைக் கையாண்டது. 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் அமைத்து ஆட்களால் பராமரிப்பது எளிதன்று. செய்தியில் இன்ன வீரர் இடம்பெறுகிறார் என்று குறித்தால் போதும். அவர் எந்த அணி, அவ்வணி எந்தப் பிரிவு என்பதைக் கணினி தானே வருவித்து, உரிய பக்கங்கள் அனைத்திலும் அச்செய்தியைச் சேர்த்துவிட்டது.

ஒரு விதி தவறினால்?

இனி நம் கிதாபுக்கு வருவோம். எழுத்து அரபி, மொழி தமிழ், பொருள் மார்க்கச் சட்டம், காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு என நான்கு உண்மைகளையும் தனித்தனியே பதிந்தால், நான்கு வழிகளில் தேடுவோருக்கும் அந்நூல் கிடைக்கும். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற அரபுத்தமிழ் நூல்கள் தமிழ் வரலாற்றிலும் தமக்குரிய இடத்தைப் பெறும்.

மாறாக, 'அரபி எழுத்தெனில் அரபி மொழியே' என்று ஒரு விதியை எழுதிவிட்டால் என்னவாகும்? உருது, பாரசீகம், அரபிமலையாளம் ஆகியனவும் அவ்வெழுத்தைக் கொண்டவையே. மனிதர் தவறினால் ஒரு நூல் இடம் மாறும். விதி தவறினால் இலட்சம் நூல்கள் நொடியில் இடம் மாறும். கணினி விரைவானது, ஆனால் அரபுத்தமிழ் என்று ஒன்று உண்டு என்பதை அதற்கு அறிந்தவர்தாம் சொல்ல வேண்டும்.

அறிந்தவர் யார்? நாம்தாம்! பழைய ஏடுகளும் நூல்களும் மின்வடிவம் பெற்று வரும் காலம் இது. உங்கள் வீட்டில் இத்தகைய கிதாபு இருப்பின், ஓதத் தெரிந்த பெரியவர் உள்ளபோதே ஒரு தாளில் எழுதி அதனுள் வையுங்கள்: நூலின் பெயர், ஆசிரியர், எழுத்து, மொழி, பொருள், அச்சான ஊர், ஆண்டு. தெரியாததை ஊகித்து எழுதாமல் வெற்றிடமாக விடுங்கள். நாளை அந்நூலைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிறு தாளே வழிகாட்டும்.